முடிச்சில் நாலு பீடி

2002இல் 'ஸ்கிசோஃப்ரினியா ரிசர்ச்' என்ற ஆய்விதழில் சென்னையிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் டி.என். ஸ்ரீனிவாசன், ஆர். தாரா. மனச்சிதைவு நோய் உள்ள ஆண்களில் எத்தனை பேர் புகைபிடிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்த கட்டுரை. அதன் தலைப்பின் பின்பாதியைத் தமிழில் சொன்னால் 'எல்லாமே உடற்கூறு இல்லை' என்று வரும். ஆய்விதழ்த் தலைப்பில் இப்படி ஒரு குரல் கேட்பது அபூர்வம். மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ அடித்துப் பேசிக்கொண்டிருக்க, இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், 'அப்படி முழுசா சொல்லிட முடியாதுங்க' என்று மெதுவாக இழுப்பதுபோல இருக்கும்.

அந்தப் பக்கம் அடித்துப் பேசியவர்களிடம் பெரிய எண்கள் இருந்தன. 1986இல் ஜான் ஹ்யூஸும் அவருடைய குழுவினரும் அமெரிக்க மனநலப் புறநோயாளிகளிடம் கணக்கெடுத்தார்கள். மனச்சிதைவு உள்ளவர்களில் 88 சதவீதம் பேர் புகைபிடித்தார்கள். அந்த எண் அதற்குப்பின் ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது. நூற்றுக்கு எண்பத்தெட்டு என்றால் அது பழக்கமாக இருக்க முடியாது, நோயே நிகோட்டினைக் கேட்கிறது, மூளையில் எங்கோ ஒரு குறை இருக்கிறது, அதை இவர்கள் சிகரெட்டால் அடைத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு கோட்பாடு எழுந்தது. 'சுயமருத்துவம்' என்று அதற்குப் பெயர்.

ஸ்ரீனிவாசனும் தாராவும் 286 ஆண் புறநோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். புகைபிடித்தவர்கள் 38 சதவீதம். மற்ற மனநலப் பிரச்சினைகள் உள்ளவர்களைவிட அதிகம்தான். ஆனால் பொதுவாக இந்திய ஆண்கள் புகைக்கும் அளவைத் தாண்டவில்லை. நோய் அதே நோய், மருந்தும் ஏறக்குறைய அதே மருந்து. எண் மட்டும் பாதிக்கும் கீழே. மூளையின் குறைதான் காரணமென்றால் அந்தக் குறை மெட்ராசுக்கு வரும்போது மட்டும் ஏன் பாதியாகிறது? பணமும் குடும்பத்தின் கட்டுப்பாடும்தான் அவர்கள் காட்டிய திசை. நோயாளியின் கையில் காசு இல்லை. காசு வைத்திருப்பவர் கேட்டபோதெல்லாம் கொடுப்பதில்லை.

இதை முதலில் வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது என் ஆயாவின் முந்தானை. (பாக்யராஜ் படத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

எங்கள் வீடு திருத்தணியில், மலையடிவாரத்தில். மலைக்கு மேலே முருகன், 365 படி. கீழே நாங்கள். தெருவில் பாதிப்பேர் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இந்த ஊர் சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1இல் இந்தப் பக்கம் வந்தது. ஆயா அதைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கோடு மாத்திப் போட்டாங்க, நாம எங்கயும் போவல."

என் அம்மாவின் தம்பிக்கு இருபத்திரண்டு வயதில் நோய் வந்தது. சுவருக்குப் பின்னால் ஆட்கள் தன்னைப் பற்றிப் பேசுவது அவருக்குக் கேட்டது. அதுவும் தெலுங்கில் என்பார். நான் பிறப்பதற்கு முன்பே அவர் பீடிக்காரர். ஆயா பீடிக்கட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, நாலு பீடியை மட்டும் பிரித்து முந்தானை முடிச்சில் கட்டிக்கொள்வார். "காலைல ஒண்ணு, துன்னுட்டு ஒண்ணு, சாயங்காலம் டீயோட ஒண்ணு, படுக்கறப்ப ஒண்ணு. அத்தோட சரி." மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து காட்டினால்தான் இரவு பீடி. மாமா கெஞ்சுவார், கத்துவார், ஒருநாள் முடிச்சைப் பிடித்து இழுத்துச் சேலையே கிழிந்தது. ஐந்தாவது பீடி வந்ததில்லை.

38 சதவீதம் என்பதற்குள் இப்படி எத்தனை முடிச்சுகள் இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். இதை 'நம் குடும்ப அமைப்பின் பெருமை' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நாற்பது வயது ஆள் ஒரு பீடிக்காகத் தன் அம்மாவிடம் வாயைத் திறந்து காட்டுவதில் அன்பும் உண்டு, அவமானமும் உண்டு. அவர் சம்பாதித்திருந்தால் அவர் இஷ்டம். சம்பாதிக்காததால் நுரையீரல் தப்பித்தது.

அந்தக் கட்டுரை வந்த இடத்தையும் சொல்ல வேண்டும். தாரா பணியாற்றிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தை 1984இல் தொடங்கியவர் சாரதா மேனன். அதற்கு முன் 1961 தொடங்கிப் பல ஆண்டுகள் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர். 2021 டிசம்பரில் தன் 98ஆம் வயதில் காலமானார். சுவருக்குள் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துச் சலித்து, வீட்டில் இருக்கும் நோயாளிகளைத் தேடி வெளியே வந்த தலைமுறை அது. மேற்கின் எண்களில் கணிசமானவை நீண்டகால மருத்துவமனை வார்டுகளின் பழக்கம் படிந்த ஒரு உலகத்திலிருந்து வந்தவை. சென்னையின் எண் அம்மாக்களின் வீடுகளிலிருந்து வந்தது. இந்த வித்தியாசத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

*

புகையிலை நம்மிடம் பாவப்பட்ட பொருளாக வரவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் பழநி முருகனிடம் தூது அனுப்பத் தேர்ந்தெடுத்தது அன்னத்தையோ மேகத்தையோ இல்லை, புகையிலையைத்தான். 'புகையிலை விடு தூது' என்றே நூல், உ.வே.சா. பதிப்பித்தது. முருகனுக்கே தூது போகுமளவு செல்வாக்கு.

மனநோயாளிகளைத் தனியாகச் சுவருக்குள் வைக்கும் வழக்கம் மெட்ராசில் 1794இல் தொடங்கியது. வாலன்டைன் கானலி என்ற கம்பெனி மருத்துவர் புரசைவாக்கத்தில் ஒரு விடுதி நடத்தினார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்தில் 'லோகாக்ஸ் கார்டன்ஸ்' என்ற தோட்டத்துக்கு இடம் மாறியபோது 145 நோயாளிகள். 1922இல் அரசு மனநல மருத்துவமனை என்றும் 1978இல் மனநலக் கழகம் என்றும் பெயர் மாறியது. இந்த மாதிரி விடுதிகளின் தாய்வீடு இங்கிலாந்து. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டத்திலும் துணி துவைக்கும் கூடத்திலும் வேலை செய்த நோயாளிகளுக்குக் கூலி இல்லை. கூலிக்குப் பதில் கொஞ்சம் புகையிலை, கொஞ்சம் டீ, சில இடங்களில் பீர். ஆள் எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாத இடத்தில் புகையிலைதான் காசு. அதைக் கொடுத்து வேலை வாங்கலாம், நிறுத்தி வைத்துத் தண்டிக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இது விஞ்ஞானமாகவே ஆனது. இந்த வரலாற்றில் எனக்கு மறக்கவே முடியாத ஒரு சம்பவம் கனடாவில் நடந்தது. டியோடோரோ ஐயான் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1965இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பல வருடங்களாக மருத்துவமனையிலேயே கிடந்த, மனச்சிதைவு உள்ள ஒரு பெண். வேலை ஒன்றும் செய்யமாட்டார், படுத்தே இருப்பார், சிகரெட் மட்டும் கேட்பார். ஊழியர்கள் அவர் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்தார்கள். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மட்டும் ஒரு சிகரெட். சில நாளில் அந்த அம்மா துடைப்பத்தை விடவே இல்லை. யாராவது வாங்க வந்தால் எதிர்த்தார். பிறகு, உள்விவகாரம் தெரியாத இரண்டு மனநல மருத்துவர்களை அழைத்து இந்த நடத்தைக்கு விளக்கம் கேட்டார்கள். இருவரும் தந்தார்கள். துடைப்பம் குழந்தை, துடைப்பம் அரசியின் செங்கோல் என்கிற ரீதியில் ஆழமான குறியீட்டு விளக்கங்கள். சிகரெட் தருவதை நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் துடைப்பமும் போய்விட்டது.

இந்தச் சோதனையை இன்று எந்த ஒழுங்குக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஐயான் நிரூபிக்க நினைத்தது வேறு. ஆனால் நான் இதை வாசிப்பது இப்படி: ஒரு பழக்கத்தை மருத்துவமனையே நோயாளியின் கையில் வைக்கிறது, பிறகு அதே மருத்துவமனை அவருடைய நோயின் ஆழத்திலிருந்து அது வந்ததாக விளக்கம் சொல்கிறது. துடைப்பத்துக்கு நடந்தது சிகரெட்டுக்கும் நடந்தது. ஐயான் பின்னாளில் நாதன் அஸ்ரினோடு சேர்ந்து எழுதிய டோக்கன் முறை பல நாட்டு வார்டுகளுக்குப் பரவியது. நல்ல நடத்தைக்கு டோக்கன், டோக்கனுக்குப் பண்டம். பண்டங்களில் சிகரெட்டும் உண்டு.

சிகரெட் கம்பெனிகள் இதை வெளியிலிருந்து வேடிக்கை பார்க்கவில்லை. வழக்குகளால் அவர்களுடைய உள் ஆவணங்கள் பொதுவெளிக்கு வந்த பிறகு, 2008இல் ஜூடித் புரோச்சஸ்கா, ஷரன் ஹால், லிசா பெரோ மூவரும் மனச்சிதைவு தொடர்பான 280 ஆவணங்களைத் தேடியெடுத்துப் படித்தார்கள். 1955 முதல் 2004 வரையிலானவை. மனச்சிதைவு உள்ளவர்களுக்குப் புகையிலையின் கேடு குறைவு, சுயமருத்துவமாக அவர்களுக்கு அது தேவை என்ற கருத்துகளுக்குச் சாதகமான ஆய்வுகளைத் தொழில்துறை கண்காணித்தது, பணமும் கொடுத்தது. மனநல மருத்துவமனைகளுக்கு மலிவாகவும் இலவசமாகவும் சிகரெட் போனது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் புகைத்தடை வந்தபோது மனநல வார்டுகளுக்கு விலக்கு வாங்குவதிலும் அவர்கள் கை இருந்தது. விலக்குக் கேட்டவர்களில் நோயாளிகளின் குடும்பங்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களை யாரும் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. பீடி கிடைக்காத மாமாவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குடும்பங்களின் பயம் புரியும்.

*

சுயமருத்துவக் கோட்பாடு முழுப் பொய்யா? இல்லை. டென்வரில் ராபர்ட் ஃப்ரீட்மனின் குழு பல ஆண்டுகள் ஒரு சின்ன விஷயத்தை அளந்தது. காதில் ஒரு 'டிக்'. அரை நொடி கழித்து இன்னொரு 'டிக்'. பெரும்பாலானவர்களின் மூளை இரண்டாவதை 'அதான் கேட்டாச்சே' என்று தணித்துவிடும். மனச்சிதைவு உள்ள பலரின் மூளை தணிப்பதில்லை, இரண்டாவதையும் முதல் முறை கேட்பதுபோலவே கேட்கிறது. சிகரெட் பிடித்தவுடன் கொஞ்ச நேரம் இது சரியாகிறது. சில நிமிடங்கள்தான். வேண்டாத சத்தமெல்லாம் உள்ளே வந்துகொண்டே இருக்கும் ஒருவருக்கு அந்தச் சில நிமிடம் எப்பேர்ப்பட்டது என்று வெளியில் இருக்கும் நாம் அலட்சியமாகச் சொல்லிவிடக் கூடாது. மாமா பீடி பற்றவைத்தவுடன் சுவர்ப் பக்கம் திரும்பாமல் தெருவைப் பார்ப்பார். நான் சிறுவயதில் கவனித்த விஷயம் அது.

ஆனால் சில நிமிட நிம்மதி ஒன்று, மருந்து வேறொன்று. அந்த நிகோட்டின் ஏற்பியைக் குறிவைத்துச் செய்த மாத்திரைகள் பெரிய பரிசோதனைகளில் தேறவில்லை. அதோடு, நிகோட்டின் ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மணி நேரம்தான். குறைந்தவுடன் எரிச்சல், பரபரப்பு, கவனமின்மை. அடுத்த பீடி அதை அடக்குகிறது. போன பீடி கட்டிய கடனை இந்தப் பீடி அடைக்கிறது. பார்ப்பவருக்கு, 'பீடி குடுத்தா அடங்கிடறான்' என்று தெரியும். வட்டிக்கடைக்காரர் உதவி செய்கிறார் என்று சொல்வதும் இதுவும் ஒன்று.

ஆயா போனது நான் ப்ளஸ் டூ படித்த வருடம். முடிச்சு அவிழ்ந்தது. மாமா பஸ் நிலையம் பக்கம் ஒரு டீக்கடையில் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். கூலி பாதி துட்டு, பாதி பீடி. இங்கிலாந்து விடுதிகளின் கணக்கு என்பது அந்த டீக்கடைக்காரருக்குத் தெரிய வாய்ப்பில்லை. நாலு பீடி ஒரு கட்டானது, பிறகு இரண்டு கட்டு. மாத்திரை நின்றது. ஆறு மாதத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம்.

வாசலிலேயே சட்டைப் பையைத் துழாவிப் பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2இலிருந்து நாடு முழுக்க இருக்கிறது, மருத்துவமனையில் பீடி கூடாது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு கட்டுப் பீடி இழுத்த ஆளிடமிருந்து ஒரு நொடியில் அதைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்கு ஒன்றுமே தரவில்லை. நிகோட்டின் விலகலின் கணக்கு பாடப்புத்தகத்தில் இருக்கிறது: சில மணி நேரத்தில் தொடங்கும், இரண்டு மூன்று நாளில் உச்சம், இரண்டிலிருந்து நான்கு வாரம் இழுக்கும். தூக்கம் போகும், கால் ஓரிடத்தில் நிற்காது, கோபம் வரும். இவை ஒவ்வொன்றும் நோய் முற்றியதன் அறிகுறியாகவும் தெரியும், மருந்தின் பக்கவிளைவாகவும் தெரியும். மூன்றாம் நாள் மாமா ஒரு ஊழியரைத் தள்ளிவிட்டார். ஊசி கூடியது. கேஸ் ஷீட்டில் 'வன்முறை' என்று ஏறியது. பீடி என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

2011இல் மைக்கேல் ஆலனும் குழுவினரும் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று உண்டு. அவசரப் பிரிவுக்குக் கொந்தளிப்போடு வந்த, மனச்சிதைவு உள்ள, புகைபிடிக்கும் 40 பேர். எல்லாருக்கும் வழக்கமான மருந்து. பாதிப்பேருக்குக் கூடவே தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, மீதிப்பேருக்கு வெற்றுப் பட்டை. நான்கு மணி நேரத்தில் நிகோட்டின் பட்டை ஒட்டியவர்களின் கொந்தளிப்பு மற்றவர்களைவிட 33 சதவீதம் குறைவு. 24 மணி நேரத்தில் 23 சதவீதம் குறைவு. நாற்பதே பேர் என்பதால் இதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் ஒரு ஸ்டிக்கர் செய்யும் வேலையை நாம் எத்தனை ஊசிகளால், எத்தனை கயிறுகளால் செய்துகொண்டிருந்தோம் என்ற கேள்வி வருகிறதா இல்லையா?

*

இனி வருவது கொஞ்சம் வேதியியல். பொறுத்துக்கொள்ளுங்கள், இதை வீட்டில் நோயாளி உள்ள யாராவது வாசிக்கக் கூடும்.

மற்ற மருந்துகள் கேட்காதபோது மனச்சிதைவுக்குத் தரும் கடைசி மருந்து க்ளோசபின். வெள்ளை அணுக்களைக் குறைக்கக் கூடும் என்பதால் தவறாமல் ரத்தப் பரிசோதனை செய்துதான் தருவார்கள். இதைக் கரைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள சிஒய்பி1ஏ2 என்ற நொதி. எரியும் புகையிலையின் புகையில் இருக்கும் கரிமப் பொருட்கள் இந்த நொதியை முடுக்கிவிடுகின்றன. நாளைக்கு ஏழிலிருந்து பன்னிரண்டு சிகரெட் போதும், நொதி ஏறக்குறைய முழு வேகம் எடுத்துவிடும். அதனால் ஒரே அளவு மாத்திரை போட்டாலும் புகைபிடிப்பவரின் ரத்தத்தில் பிடிக்காதவரைவிட மருந்து பாதி அளவுக்குத்தான் நிற்கும். புகையை நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் நொதி சோம்பிவிடும். அதே மாத்திரை, ஆனால் ரத்தத்தில் ஒன்றரை மடங்கு, சிலருக்கு அதற்கும் மேலே. அளவுக்குமீறிய தூக்கம், எச்சில் வழிதல், மலச்சிக்கல், வலிப்புகூட வரலாம். ஓலான்சபினுக்கும் இது ஓரளவு பொருந்தும்.

இதைச் செய்வது நிகோட்டின் இல்லை, புகை. எனவே நிகோட்டின் சூயிங்கம்மோ பட்டையோ போட்டால் மனம் ஆறும், நொதி ஆறாது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் நம்மூர்ப் பெண்களுக்கும் இந்தக் கணக்கு கிடையாது, அங்கே எதுவும் எரிவதில்லை. (அந்தப் பெண்கள் எந்த ஆய்விலும் சரியாக வருவதில்லை. சென்னைக் கட்டுரையிலும் 286 பேரும் ஆண்கள்தான்.)

பீடி இல்லாத வார்டில் மாமாவுக்கு க்ளோசபின் தொடங்கி, அளவு பார்த்து, சத்தங்கள் அடங்கியபின் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு கட்டுப் பீடி. ஒரு மாதத்தில் சத்தங்கள் திரும்பின. வேறொரு மருத்துவர் அளவைக் கூட்டினார். அது பொருந்தியது. அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு மாமா புஷ்பக் காவடி எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார்.

திருத்தணியில் ஆடிக் கிருத்திகை என்றால் ஊரே மஞ்சள்தான். ஆந்திராவிலிருந்தும் வடமாவட்டங்களிலிருந்தும் லட்சக்கணக்கில் காவடிகள். காவடிக்கு விரதம், விரதத்தில் பீடி கிடையாது. டாக்டர் சொல்லி விடாத பீடியை முருகனுக்காக மாமா ஒரே நாளில் விட்டார். முதல் மூன்று நாள் வீட்டில் யாரும் அவரோடு பேச முடியவில்லை. பத்தாம் நாள் தூங்கி வழிந்தார். தலையணை நனைய எச்சில். எழுப்பினால் சிரித்துவிட்டு மறுபடி தூங்குவார். "முருகன் சாந்தி குடுத்துட்டான்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அம்மா பயந்து மருத்துவரிடம் ஓட, அவர் மாத்திரையைப் பாதியாக்கினார். பீடியை விட்டாரா என்று அவரும் கேட்கவில்லை, விட்டதைச் சொல்ல வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. காவடி மலை ஏறியது. மாமா தடுமாறாமல் 365 படியும் ஏறினார், அது உண்மை. இறங்கி வந்து பீடி பற்றவைத்தார். இப்போது பாதி மாத்திரை, முழுப் பீடி. ஆவணி முடிவதற்குள் சுவருக்குப் பின்னால் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

தெருவில் 'சாமி குத்தம்' என்றார்கள். விரதத்தில் ஏதோ குறை. சோளிங்கருக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். எங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர், கீழே தக்கான் குளம். மனம் பேதலித்தவர்களை அந்தக் குளத்தில் முழுக வைத்து மலையேற்றுவது தலைமுறைகளாக நடப்பது. நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்தவர்களை நினைத்து எல்லா வழிபாட்டுத் தலத்தையும் ஒரே தராசில் வைப்பது சுலபம். ஆனால் சோளிங்கர் படிகளில் பைத்தியம் என்று யாரும் ஒதுங்கிப் போகாத ஒரு கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது வேறு. நாற்பத்தெட்டு நாள் மண்டலம் இருப்பவர், காவடி எடுப்பவர், மலைக்கு மாலை போடுபவர் என்று ஒவ்வொருவரும் பீடியை ஒரே நாளில் விடுகிறார்கள், ஒரே நாளில் திரும்ப எடுக்கிறார்கள். அவர்களில் க்ளோசபின் சாப்பிடுபவர்களுக்கு, விரதம் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் மருத்துவரின் தாளில் இருக்க வேண்டிய தேதிகள். லண்டனிலோ டென்வரிலோ எழுதப்பட்ட வழிகாட்டி நூல்களில் ஆடிக் கிருத்திகை இருக்காது. அதை இங்கேதான் எழுத வேண்டும்.

புகையை விடவே வேண்டாம் என்று யாராவது இதிலிருந்து எடுத்துக்கொண்டால் வருத்தப்படுவேன். மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பதினைந்து இருபது வருடம் முன்னதாக இறக்கிறார்கள். பெரும்பாலும் அவர்களைக் கொல்வது அந்தக் குரல்கள் இல்லை, இதயமும் நுரையீரலும். அவர்களால் விட முடியாது என்பதும் பழைய கதை. வரெனிக்ளின் என்ற மாத்திரை மனநோயாளிகளைக் குலைத்துவிடும் என்று வருடக்கணக்கில் பயந்தார்கள். 2016இல் ஈகிள்ஸ் என்ற பரிசோதனையில் 8,144 பேரைப் பார்த்தார்கள், பாதிப்பேர் மனநலப் பிரச்சினை உள்ளவர்கள். பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை, அமெரிக்கா அந்த மாத்திரையின் கறுப்புக் கட்ட எச்சரிக்கையை எடுத்துவிட்டது. இந்தியாவில் புகையிலையை விட உதவும் மையங்கள் முதன்முதலாக 13 இடங்களில் தொடங்கியது 2002இல். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் ஒன்று. சென்னைக் கட்டுரை வந்த அதே வருடம். ஆனாலும் மனநோய் மாத்திரை வாங்கும் வரிசையும் பீடியை விடும் வரிசையும் இன்றும் வெவ்வேறு கட்டடங்களில், வெவ்வேறு கிழமைகளில் நிற்கின்றன. இரண்டுக்கும் திருத்தணியிலிருந்து ரயில் ஏறி வர ஒரு ஆள் வேண்டும்.

38 சதவீதம் என்ற அந்த எண்ணை இப்போது பார்க்கும்போது எனக்கு ஒரு பயம் வருகிறது. அது அம்மாக்கள் உயிரோடு இருந்த வீடுகளின் எண். 2002இல் அந்த 286 பேரின் முடிச்சுகளை வைத்திருந்தவர்கள் இப்போது எத்தனை பேர் இருப்பார்கள்? அண்ணன் பொண்டாட்டியின் முந்தானையில் முடிச்சு இருக்காது. தங்கை வேறு ஊரில். டீக்கடை பக்கத்திலேயே இருக்கிறது.

மாமாவை இப்போது பார்க்கும் மருத்துவர் முதல் நாளே, "பீடி எத்தனை?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். மாமா விரல் விட்டு எண்ணினார். வாரத்துக்கு ஒரு பீடி குறைப்பது, குறைக்கக் குறைக்க மாத்திரையையும் ரத்தத்தையும் பார்ப்பது என்று ஏற்பாடு. ஆத்திரம் தாங்காத நேரத்துக்கு 2 மில்லிகிராம் சூயிங்கம். மாமாவுக்கு அதன் சுவை பிடிக்கவில்லை, "மொளகாத் தூள் போட்ட பப்பிள்கம்" என்கிறார். கடைக்காரரிடம் பேசிக் கூலி முழுவதையும் துட்டாகத் தரச் சொல்லியாகிவிட்டது. அவர் ஒத்துக்கொள்ள மூன்று மாதம் ஆனது. துட்டு மாமா கையில்தான் இருக்கிறது. மாத்திரைச் சீட்டின் கடைசி வரியில் அம்மா பேனாவால் எழுதி வைக்கிறார்: பீடி, நாளைக்கு 14. போன சீட்டில் 19 இருந்தது. தைக் கிருத்திகைக்கு நடுவில் ஒருமுறை 22 ஆகி, அடித்துத் திருத்தியிருக்கிறது.